ஹைகோர்ட் ஒண்ணு

கண்டக்டர் இன்னும் பின்படி அருகிலேயே நின்றார். வரட்டும், அவருக்குத் தோதானபோது வரட்டும், இன்றைக்கு எனக்கு ஒரு அவசரமும் இல்லை என்று பரஞ்சோதி தனக்குள் சொல்லிக்கொண்டான். இடதுகை மேல்கம்பியில், வலதுகை விரலிடுக்கில் நீளவாட்டில் மடித்த நோட்டு, முதுகில் யாருடைய டிபன் பாத்திரத்தின் விளிம்போ. அடையாறு சிக்னலில் ஏறியவன் ஏறிய இடத்திலேயே, ஒரு காலை அடுத்தவர் செருப்பின் மேல் பாதி வைத்தபடி, நிமிர்ந்து நின்றான். நிமிர்ந்து நிற்கக் காரணம் இருந்தது. இன்றைக்கு அவன் பாரிமுனை என்று சொல்லப்போகிறான். பாரிமுனை ஒண்ணு. அவ்வளவுதான். இந்த பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் கொட்டாவியோடு கொட்டாவியாகச் சொல்லிவிடுகிற சொல். காலையில் குளியலறையில் வாளியிடம் சொல்லிப் பார்த்தான், கண்ணாடியிடம் சொன்னான், கீழே இறங்கும்போது மாடிப்படியில் படுத்திருந்த நாயிடம் சொன்னான்; அது ஒரு காதை மட்டும் தூக்கிக் கேட்டுக்கொண்டது. ஒரு சிக்கலும் இல்லை. தனியாக இருந்தால் அவனுக்குத் திக்குவதே இல்லை. பாடினால் திக்காது, கும்பலோடு சேர்ந்து ஒரே குரலில் சொன்னால் திக்காது. எதிரே ஒரு மனித முகம், அதில் இரண்டு கண், அந்தக் கண்ணில் சீக்கிரம் ஆகட்டும் என்றொரு சேதி, அப்போதுதான் இந்தப் ‘ப’ உதட்டில் பசை தடவிக்கொண்டு உட்காரும். எல்லா எழுத்தும் அப்படியில்லை. அ, ஆ, இ, ஈ எல்லாம் கதவே இல்லாத வீடு மாதிரி, உள்ளே கிளம்பினால் தெருவில் நிற்கலாம். ச, ஹ இரண்டும் காற்றோடு காற்றாக நழுவிவிடும். ‘ப’ மட்டும் உதடுகள் ஒட்டி, பிறகு விட வேண்டிய எழுத்து. அவனுக்கு ஒட்டும், விடாது. அவன் வேலை பார்க்கிற இடத்துக்கு இந்த ஊர் வைத்திருக்கிற பெயர்களோ பாரிமுனை, பாரிஸ், பிராட்வே. யோசித்து யோசித்து வைத்த மாதிரி மூன்றும் அதே உதடு. பறக்கும் ரயிலில் போயேன் என்றாள் மனைவி தவமணி. அங்கே ‘பீச்’ என்று கேட்க வேண்டும். மாதாந்திர பாஸ் வைத்திருந்த காலமும் உண்டு. கூட்டத்தில் அட்டையைத் தூக்கிப் பிடித்தால் கண்டக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, வாய்விட்டுச் சொல்லுங்கப்பா என்பார். பாஸும் ‘ப’ தான். விட்டுவிட்டான்.

பஸ் பாலத்தில் ஏறி நின்றுவிட்டது. மெட்ரோ வேலைக்குத் தகரம் அடித்ததிலிருந்து இந்தப் பாலத்தில் தினமும் இப்படித்தான், கீழே ஆறு ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்து முடிவுகட்டுகிற அளவுக்கு நேரம் கிடைக்கும். ஆறும் நின்றது. ஜன்னல் வழியே சேற்று வாடை வந்தது, அதன் மேலேயே யாரோ தலையில் வைத்த மல்லிகை வாடையும். முன்பக்கத்திலிருந்து ஒரு கை பணத்தை நீட்டி ‘கண்ணகி சிலை ரெண்டு’ என்றது. காலேஜ் பையன் ஒருவன் வாங்கி ‘கண்ணகி சிலை ரெண்டு’ என்று பின்னால் தள்ளினான், ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தவர் ‘கண்ணகி ரெண்டு’ என்று சுருக்கினார், பணமும் பெயருமாகக் கண்டக்டரிடம் போய்ச் சேர்ந்தது. பரஞ்சோதிக்கு இதைப் பார்க்க எப்போதும் பிடிக்கும். ஒருவர் சொல்லை இன்னொருவர் சுமந்துகொண்டுபோய்ச் சேர்க்கிறார், கூலி கேட்பதில்லை. அதைவிட அதிசயம் ஒன்று அவனுக்கு மட்டும் தெரியும். எத்தனையோ தடவை யாரோ நீட்டிய பணத்தை வாங்கி, ‘பாரிஸ் ஒண்ணு’ என்று அவனே பின்னால் சொல்லி அனுப்பியிருக்கிறான், தடுக்கியதே இல்லை. அடுத்தவருடைய பாரிஸ் வெண்ணெய் மாதிரி வரும். தன்னுடைய பாரிஸ்தான் வராது. இது என்ன நியாயம் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அப்படி வராமல் போன முதல்நாள்தான் இத்தனைக்கும் காரணம். ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சாந்தோம் தாண்டியபிறகுதான் வந்து எங்க என்றார் அன்றைய கண்டக்டர். உதடு ஒட்டியது, கண் தானாக மூடிக்கொண்டது, தாடை மேலே இழுத்தது, டிக்கெட் மெஷின்மேல் அவர் விரல் தாளம் போடுவது காதில் விழுந்தது, பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அந்த இருட்டில் நாக்கு எதையெதையோ தடவித் தடவி ஒரு சொல்லைக் கண்டுபிடித்து எடுத்தது. ஹைகோர்ட். கடைசி நிறுத்தத்துக்கு முந்தியது, கொஞ்சம் நடந்தால் கடை. ‘ஹைகோர்ட் ஒண்ணு’ என்றபோது தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர், வெள்ளைச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை, நிமிர்ந்து பார்த்து இரக்கத்தோடு கேட்டார், கேஸா சார் என்று. ஆமா என்றான் பரஞ்சோதி. ஏன் சொன்னான்? இல்லை என்றால் பின்னால் ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். ஆமா என்பதோடு ஆமா முடிந்துவிடும்.

முடியவில்லை. பெரியவர் பெயர் எட்வின், சாந்தோமில் ஏறுவார், துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஏஜென்சி ஒன்றில் வேலை, பேச ஆள் கிடைத்தால் கடற்கரை முழுவதும் பேசிக்கொண்டே வருவார். சொத்துத் தகராறா என்று கேட்டார். ஆமா. கூடப்பிறந்தவனா? ஆமா. அண்ணனா? ஆமா. நிலமா, வீடா? அதற்கு மட்டும் ஆமா சொல்ல முடியாமல் ‘நெலம்’ என்றான். அப்படியே வளர்ந்தது. எட்வினே கேள்வி கேட்டு, எட்வினே அதற்குள் பதிலையும் வைத்துக்கொடுத்து, செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஏரிப்பாசன நிலம், அண்ணன் திருட்டுக் கையெழுத்துப் போட்டது, கீழ்க்கோர்ட்டில் தோற்றது, மேலே வந்தது, வக்கீல் யோக்கியமானவர் ஆனால் மெதுவானவர் என்று ஒரு வழக்கு முழுசாக எழுந்து நின்றது. தினமும் ஏறினதும் கேட்பார், என்ன சார், வாய்தாவா? ஆமா சார், வாய்தா. வாயைத் தா என்று யாரிடமோ கையேந்துகிற மாதிரி அந்தச் சொல் பரஞ்சோதிக்குக் கேட்கும். அவன் வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஆனாலும் அந்த அண்ணனுக்கு நாளடைவில் ஒரு முகம் வந்துவிட்டது, வெற்றிலைக் கறை, பனியனுக்கு வெளியே சங்கிலி, பேசும்போது எதிராளியின் தோளில் தட்டுகிற பழக்கம். திக்காமல் பேசுகிறவன் அவன், பொய்யை எண்ணெய் போட்டு வழித்த மாதிரி பேசுவான். அம்மாவின் திதியன்று அய்யர் வருகிறவரை காத்திருந்தபோது, பெரியவன் வந்து எட்டிப் பார்த்தானா என்று பரஞ்சோதிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, யார் மேல் இந்தக் கோபம், அப்படியொருவன் ஏது. இல்லாத ஒருவனை இவ்வளவு தூரம் வளர்த்தாகிவிட்டது, சோறு மட்டும்தான் போடவில்லை.

அது அவனுடைய பாடாக இருந்தவரை சரி. போன வெள்ளிக்கிழமை எட்வின் பேசாமலே வந்தார், காந்தி சிலை தாண்டியும் பேசவில்லை. பிறகு சொன்னார். அக்கா பிள்ளைகள் அவர் வீட்டில் பங்கு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். அப்பா கட்டிய வீடு, அதில்தான் பிறந்தார், அதில்தான் பக்கவாதத்தில் மனைவி படுத்திருக்கிறாள். கோர்ட் வாசலை மிதித்ததில்லை, பயமாயிருக்கிறது. உங்கள் வக்கீல் யோக்கியமானவர் என்று சொல்வீர்களே, திங்கட்கிழமை உங்களோடேயே இறங்குகிறேன், அவரிடம் என்னைக் கொண்டுபோய் விடுவீர்களா. ஆமா என்றது பரஞ்சோதியின் வாய். அதற்குப் பழக்கம் அது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. ஞாயிறு சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது, எந்தக் காரணமும் இல்லாமல், ஒரு துண்டை உதறுகிற நேரத்தில் அது தீர்ந்தது. சொல்லிவிட வேண்டியதுதான். கண்டக்டரிடம் பாரிமுனை என்று சொல்லித் தொடங்க வேண்டியது, அந்த வேகத்திலேயே எட்வினிடமும் சொல்லிவிட வேண்டியது. இதில் என்ன இருக்கிறது, உயிரா போகிறது. அந்தத் தெம்பு இராத்திரி தூங்கியபிறகும் போகவில்லை, காலையில் சட்டை போடும்போதும் கூடவே இருந்தது, இதோ பாலம் நகரத் தொடங்குகிறபோதும் இருக்கிறது.

கண்டக்டர் கூட்டத்தைத் தோளால் பிளந்துகொண்டு வந்தார். டிக்கெட், டிக்கெட். பரஞ்சோதிக்குப் பயம் வந்தது, ஆனால் அது பழைய ஆள்தான், ஆறாம் வகுப்பிலிருந்து தெரிந்த ஆள். அதுவரை பள்ளிக்கூடத்தில் உள்ளேன் ஐயா என்றால் போதும். உ, என்ன அழகான எழுத்து, கூப்பிட்டால் ஓடிவரும். ஆறாம் வகுப்பில் வந்த வாத்தியார் பிரசன்ட் சார் என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். அந்த வருடம் அவன் முதல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே வராதவனாக இருந்தான். அத்தை வசம்பைச் சுட்டு இழைத்து நாக்கில் தடவினாள், கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசு என்றார் தபால்காரர், மெதுவாப் பேசுடா என்றார்கள் எல்லோரும், அவன் ஏதோ வேகமாகப் பேசிவிட்ட மாதிரி. கசப்பு இப்போதும் நாக்கின் அடியில் இருக்கிறதோ என்று துழாவினான். இல்லை. ஊறிய எச்சில் மட்டும்தான். மூச்சை இழுக்காதே, விடு, உதட்டை மெல்ல வை, இறுக்காதே, பாரிமுனை, பஞ்சு மாதிரி வை. எங்க சார் என்றார் கண்டக்டர், நல்ல மனிதர், முகத்தைப் பார்த்தே கேட்டார். பரஞ்சோதி நோட்டை நீட்டினான். ‘ஹைகோர்ட் ஒண்ணு.’

யார் சொன்னது? அவனே திடுக்கிட்டான். அவன் உதட்டைத் தயார்செய்துகொண்டிருந்தபோதே, அவனைக் கேட்காமல், கொல்லைப்புற வழியாக ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டது அந்தச் சொல். சுத்தமாக, தெளிவாக, செய்தி வாசிக்கிறவர் மாதிரி. மெஷின் கிர்ரென்று காகிதத்தைத் துப்பியது, கண்டக்டர் அடுத்த தோளைப் பிளந்துகொண்டு போய்விட்டார். சிரிப்பு வந்தது பரஞ்சோதிக்கு, உண்மையாகவே வந்தது, ஹெல்மெட்காரர் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடமாக நான் பேச்சுக்குப் பயந்தேன், திக்குகிற சொல்லுக்குப் பயந்தேன், பயப்பட வேண்டியது இந்த வழுக்குகிற சொல்லுக்கல்லவா. சரி போகட்டும், டிக்கெட் வெறும் காகிதம். பட்டினப்பாக்கத்தில் பாதி பஸ் இறங்கியது, உப்புக்காற்று உள்ளே ஏறியது, இருவர் உட்காரும் இருக்கை காலியாக, அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இடத்தில் கையை வைத்துக்கொண்டான். சாந்தோமில் எட்வின் ஏறினார். இன்றைக்குச் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்தார், தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, மார்போடு அணைத்த ரெக்ஸின் பை. பெண் பார்க்கப் போகிறவரைப் போல இருந்தார். அதைப் பார்த்ததும் பரஞ்சோதிக்குத் தெம்பு ஒரு படி இறங்கியது.

எட்வின் உட்கார்ந்து மூச்சுவாங்கினார். வக்கீல் காலையில் எப்படி, கோபக்காரரா, முதலில் கும்பிட வேண்டுமா கைகொடுக்க வேண்டுமா என்று கேட்டார். நோட்டீஸ் வந்ததிலிருந்து மனைவி சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறாள், பஸ்ஸில் வருவாரே அந்த கோர்ட் சாரைக் கூட்டிப்போங்க என்று அவளே நேற்று மறுபடி சொன்னாள், பேச்சு குழறினாலும் அதைத் தெளிவாகச் சொன்னாள் என்றார். கலங்கரை விளக்கத்தில் பஸ் திரும்பியது. இனி கடற்கரைச் சாலை, நேர் சாலை, சிக்னல் கருணை காட்டினால் பறந்துவிடும். பரஞ்சோதிக்கு எளிய வழி ஒன்று மனதில் ஓடியது. உயிரெழுத்தாகப் பொறுக்கியெடுத்து, இன்னைக்கு அவர் இல்ல, ஊர்லயே இல்ல என்று சொல்லலாம். ஒரு இடத்திலும் தடுக்காது. நாளைக்கும் அதையே சொல்லலாம். பொய் எவ்வளவு வழவழப்பாக வாயில் கூடுகிறது. அவன் தலையை ஆட்டி அதை உதறினான்.

“சார், எனக்குக் கேஸே இல்ல.”

எட்வின் முகம் மலர்ந்தது. முடிந்துவிட்டதா, ஜெயித்துவிட்டீர்களா என்று அவன் கையைப் பிடித்தார்.

“இல்ல சார். எப்பவுமே இல்ல. அண்ணனும் இல்ல.”

பிடித்த கை பிடித்தபடி இருந்தது. எட்வின் அவன் முகத்தில் எதையோ தேடினார். “அப்ப எதுக்கு சார் டெய்லி ஹைகோர்ட்?”

இதோ வந்துவிட்டது. இதற்கு உயிரெழுத்தில் பதில் கிடையாது. பரஞ்சோதி வாயைத் திறந்தான், மூடினான், மூடிய உதடு மூடியதாகவே இருந்தது. காற்று நெஞ்சில் வந்து முட்டி நின்றது. கண்ணை மூடாதே என்று தனக்குச் சொல்லிக்கொண்டான், இமை துடித்தது, தாடை ஒரு பக்கமாக இழுத்தது, கழுத்து நரம்பு புடைப்பது அவனுக்கே தெரிந்தது. ப். வெளியே காந்தி சிலை போனது. ப். எட்வின் கண்ணில் கலவரம். தம்பி, தம்பி என்றார், சட்டென்று சார் போய்விட்டது, பையைக் கீழே போட்டுவிட்டுச் சட்டைப்பையைத் துழாவி வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் திணித்தார், வலிப்புக்கு இரும்பு கொடுக்கிறாராம். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பினார்கள். பட்டாபிராமா, பல்லாவரமா என்று யாரோ உதவிக்கு வந்தார்கள். பாத்ரூம் போவணுமா என்று இன்னொருவர் கேட்டார். எத்தனை பெயர் கொடுக்கிறார்கள். எதையாவது வாங்கிக்கொண்டு தலையாட்டிவிட்டால் இப்போதே இது முடிந்துவிடும், இத்தனை நாளும் அப்படித்தானே, யார் எதைக் கையில் கொடுத்தாலும் ஆமா, யார் எந்த ஊரைச் சொன்னாலும் ஆமா. பரஞ்சோதி சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை இல்லை என்று ஆட்டினான். பொறுங்கள் என்று இன்னொரு கையைக் காட்டினான். விசித்திரம், அந்தக் கையைக் காட்டியதும் அவசரம் என்பது பஸ்ஸை விட்டே இறங்கிப்போன மாதிரி இருந்தது. ஒட்டியிருக்கட்டும். எவ்வளவு நேரம் வேண்டுமோ ஒட்டியிருக்கட்டும். என் உதடு, என் சொல், என்னுடைய நேரம். கடல் ஜன்னலில் விட்டுவிட்டுத் தெரிந்தது.

“ப்... ப்... பா... பாரிமுனை,” என்றான். “பாரிமுனைன்னு சொல்ல வராது சார். அதான் ஹைகோர்ட்.”

ஹெல்மெட்காரர் தலையை முன்பக்கம் திருப்பிக்கொண்டார். எட்வின் கையை எடுத்துக்கொண்டார். குனிந்து பையை எடுத்துத் தட்டி மடியில் வைத்து, அதன் ஜிப்பை இழுத்துப் பார்த்து, கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணகி சிலை போனது. அண்ணா சதுக்கத்தில் கூட்டம் ஏறியது. பரஞ்சோதி சாவிக்கொத்தின் மேலிருந்த பிடியைத் தளர்த்தினான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது, தாடை தொடங்குகிற இடத்தில் வலித்தது. ஆனாலும் உள்ளே ஏதோ காலியாக, கூட்டிப் பெருக்கின கூடம் மாதிரி இருந்தது. இந்த மனிதர் இனிமேல் வேறு பஸ்ஸில் போவார். போகலாம், அவருக்கு அந்த உரிமை உண்டு. தினமும் நம்மோடு பேசிக்கொண்டு வந்த ஒரே மனிதர், அது போகத்தான் போகிறது. அது வலிக்கும் என்று தெரிந்தது. தெரிந்தும் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. நேப்பியர் பாலம் தாண்டும்போது எட்வின் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

“செவ்வாக்கெழமைதோறும் அந்தோணியார் கெபியில உங்களுக்கும் சேத்துதான் மெழுகுவத்தி ஏத்துறேன்.”

பரஞ்சோதி அவர் பக்கம் திரும்பினான்.

“அந்த அண்ணன்காரன எப்படியெல்லாம் திட்டியிருக்கேன் தெரியுமா. கோயில்ல வச்சே திட்டியிருக்கேன்.” அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பரஞ்சோதி பதறினான். எட்வின் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார், சிரிப்பு நிற்காமல் இருமலாகி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு ஓய்ந்ததும் முகம் பழையபடி தொங்கிப்போனது, பையைப் பார்த்துக்கொண்டார். அப்படியானால் யாரிடம் போவது என்று, யாரையும் கேட்காத மாதிரி கேட்டார்.

அதற்கான பதிலை பரஞ்சோதி ராத்திரியே யோசித்து வைத்திருந்தான். எங்கள் கடைக்கு மேல்மாடியில் ஒரு வக்கீல் அம்மா இருக்கிறார், சிவில் கேஸ்தான் பார்க்கிறார், எனக்கு அவரைப் படியில் பார்த்து வணக்கம் சொல்கிற பழக்கம்தான், யோக்கியரா என்று தெரியாது, ஆனால் காலையில் சீக்கிரமே வந்துவிடுவார். வாருங்கள், கேட்டுப் பார்ப்போம், நான் கூட வருகிறேன். இவ்வளவையும் சொல்வதற்குக் கோட்டை தாண்டி, ரிசர்வ் வங்கி சுரங்கப்பாதையும் தாண்டிவிட்டது. மூன்று இடத்தில் நின்று நின்றுதான் சொன்னான். ஹைகோர்ட் வந்தபோது இருவரும் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் இவனைப் பார்த்து, ஹைகோர்ட் சார் என்று ஞாபகப்படுத்தினார். பக்கத்து ஸ்டாப்புக்கு மேலே காசு தரணும்னா வாங்கிக்குங்க என்று எட்வின் பதில் சொன்னார். வேண்டாம், அதே ஸ்டேஜ்தான், அதே டிக்கெட் போதும் என்று கண்டக்டர் விசிலை ஊதினார்.

பாரிமுனையில் இறங்கியதும் வெயில் பளீரென்று அடித்தது. பிளாட்பாரத்தில் பெல்ட்டு விற்கிறவன், பேரீச்சம்பழ வண்டி, கட்டுக்கட்டாகக் காகிதம் சுமந்துபோகிற மீன்பாடி வண்டிகள். பரஞ்சோதி சாவிக்கொத்தை நீட்டினான், எட்வின் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு அடி நடந்தவர் நின்றார். அவருக்கு எதுவோ உறைத்திருக்க வேண்டும்.

“இத்தன வருஷம் ஒண்ணா வரோம். ஏரி தெரியும், நெலம் தெரியும், இல்லாத அண்ணனத் தெரியும். உங்க பேரு கேக்கல பாருங்க நானு. உங்க பேரு என்ன தம்பி?”

பரஞ்சோதியின் உதடு ஒட்டிக்கொண்டது. மீன்பாடி வண்டிக்காரன் மணியடித்தான், ஓரம்போ ஓரம்போ என்றான், இருவரும் நகராததால் திட்டிக்கொண்டே சுற்றி வளைத்துப் போனான். எட்வின் வாயைத் திறந்தார், பன்னீரா, பிரபுவா என்று எடுத்துக்கொடுக்கிற மாதிரி அவர் உதடும் கூடவே குவிந்தது. பிறகு மூடிக்கொண்டார். பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார், காலைக் கொஞ்சம் அகட்டி, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவரைப் போல நன்றாக ஊன்றி நின்றுகொண்டார். பரஞ்சோதி அவர் கண்ணைப் பார்த்தபடியே, தன் பெயரின் முதல் எழுத்தில், ஒரு அவசரமும் இல்லாமல் நின்றான்.